லண்டனில் பார்த்த ஃபாண்டம்: சொன்ன அளவுக்கு இருந்ததா?

லண்டன் போய்விட்டு வந்தவர்களிடம் நம் ஊரில் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரியும். அரண்மனை பார்த்தீர்களா, கோஹினூர் வைரம் பார்த்தீர்களா, குளிர் எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? அங்கேயே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி வேறு. "அங்கிள், ஃபாண்டம் பார்த்தாச்சா?" 2015-ஆம் ஆண்டு மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தபோது குறைந்தது பத்துப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள். இல்லை என்று சொன்னால், காசிக்குப் போய் கங்கையில் குளிக்காமல் வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆபெரா' என்பது முழுப் பெயர். பாட்டும் வாத்தியமுமாகவே பெரும்பாலும் நகரும் மேடை நாடகம். 1986 அக்டோபர் 9-ஆம் தேதி லண்டன் ஹேமார்க்கெட் தெருவில் உள்ள ஹெர் மெஜஸ்டீஸ் தியேட்டரில் தொடங்கியது. நான் பார்த்தபோது இருபத்தொன்பதாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். 2010-லேயே பத்தாயிரமாவது காட்சியைத் தாண்டிவிட்டார்கள். நியூயார்க்கில் 1988-ல் தொடங்கி அந்த வருடமே ஏழு டோனி விருதுகள் வாங்கியது. இசை ஆண்ட்ரூ லாயிட் வெபர். நம் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் 'பாம்பே ட்ரீம்ஸ்' நாடகத்தை லண்டன் மேடைக்குக் கொண்டு வந்தவரும் இவர்தான்.

மகன் ஒரு நாள் சத்தமில்லாமல் டிக்கெட் எடுத்துவிட்டான். தலைக்கு 62 பவுன். அன்றைய கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். எனக்கு, என் மனைவிக்கு, அவனுக்கு என்று மூன்று டிக்கெட். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் அந்தப் பணத்துக்கு எங்கள் பொன்மலைப் பக்கம் மனை வாங்கியிருக்கலாம். இதை அவனிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆசையாகச் செலவு செய்யும்போது நாம் கணக்குச் சொல்லக் கூடாது என்பது ஓய்வு பெற்ற பிறகு நான் வைத்துக்கொண்ட விதி. ஆனால் அதனால் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளை காசு கொடுத்துக் கூட்டிப் போனால், பார்த்த பிறகு "பிரமாதம்" என்றுதான் சொல்ல வேண்டும். வேறு எதுவும் சொல்ல முடியாது. அதற்காகவே நான் கொஞ்சம் உஷாராக உட்கார்ந்து பார்த்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் ஓர் ஆபெரா அரங்கம். அதன் நிலவறையில், தண்ணீர் தேங்கிய ஏரிக்கு அப்பால், முகம் விகாரமான ஒருவன் ஒளிந்து வாழ்கிறான். மகா சங்கீத மேதை. அரங்கத்தில் கும்பலோடு ஆடும் கிறிஸ்டீன் என்ற அநாதைப் பெண்ணுக்குக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரலாக மட்டும் வந்து பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான். அவள் அவனைத் தன் தகப்பனார் அனுப்பிய சங்கீத தேவதை என்று நம்புகிறாள். பிறகு அவளுக்குச் சின்ன வயதில் பழக்கமான ராவுல் என்ற பிரபு வருகிறான். அவள் அவனை விரும்புகிறாள். முகமூடிக்காரனுக்கு ஆத்திரம். கொலை, கடத்தல் எல்லாம் நடக்கிறது.

கஸ்தோன் லெரூ என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் எழுதிய நாவல் இது. அவர் முழுக்கக் கற்பனையாக எழுதவில்லை. பாரிஸ் ஆபெரா 1875-ல் திறந்த நிஜக் கட்டடம். அஸ்திவாரம் தோண்டும்போது ஊற்று நீர் நிற்காமல் வந்ததால், அடியில் பெரிய தொட்டியே கட்டினார்கள். அதுதான் கதையில் ஏரி. 1896-ல் அங்கே இருந்த சரவிளக்கின் எதிர்ப்பாரக் கட்டி ஒன்று அறுந்து விழுந்து ஒரு பெண்மணி இறந்தார். அதுதான் நாடகத்தில் சரவிளக்கு விழும் காட்சி ஆயிற்று.

இந்தச் சரவிளக்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். "சரவிளக்கு விழும் பாருங்கள், உயிரே போய்விடும்" என்றான் மகனின் நண்பன். "தலைக்கு மேலேயே வந்து விழும்" என்றார் மருமகளின் அலுவலகத் தோழி. கேட்டுக் கேட்டு என் மனைவி, "நம்ம சீட்டுக்கு மேல இருக்குமாடா?" என்று மகனிடம் கவலையாக விசாரித்துக்கொண்டாள்.

நாடகம் தொடங்கும்போது அந்த விளக்கு மேடையில் துணி மூடிக் கிடக்கிறது. பழைய சாமான்களை ஏலம் விடுகிறார்கள். துணியை உருவியதும் விளக்குகள் எரிகின்றன, ஆர்கன் வாத்தியம் இடி மாதிரி அதிர்கிறது, விளக்கு மெதுவாக எழும்பி நம் தலைக்கு மேலாகக் கூரைக்குப் போகிறது. ஐந்து சுரங்கள், அரை அரைப் படியாக இறங்கி மறுபடி ஏறும். நம் ராகம் எதிலும் அடங்காத வரிசை. அந்த ஒரு நிமிடம் எனக்கும் உடம்பு சிலிர்த்தது, மறுக்க மாட்டேன்.

ஆனால் முதல் பாதி முடிவில் அது விழும் காட்சி வந்ததே, அங்கேதான் ஏமாற்றம். அது விழவில்லை, இறங்கி வந்தது. கம்பி வடம் தெரிய, தேர் நிலைக்கு வருவது போல நிதானமாக மேடைக்கு வந்து சேர்ந்தது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் ஓடிப்போய் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். என் மனைவி காதோரம், "இவ்வளவுதானா?" என்றாள். மகன் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கை தட்டினேன்.

நம் வயதுக்காரர்களை மேடைத் தந்திரத்தால் அசைப்பது கஷ்டம். திருச்சி தேவர் ஹாலில் ஆர்.எஸ். மனோகர் நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கண் மூடித் திறப்பதற்குள் அரண்மனை காடாகும், காடு கடலாகும், புகை எழுந்தால் ஆள் இருக்க மாட்டார். நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியின் 'தசாவதாரம்' காட்சிகளை என் தகப்பனார் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். கணினி கிடையாது. கயிறு, கப்பி, பலகை, பத்துப் பதினைந்து ஆட்கள், அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், ஃபாண்டத்தில் என்னை உண்மையிலேயே அசத்திய காட்சியும் அந்தக் கயிறு கப்பி வகைதான். அவன் கிறிஸ்டீனைப் படகில் ஏற்றி ஏரியைக் கடக்கும்போது, மூடுபனிக்கு நடுவே மேடைத் தரையிலிருந்து மெழுகுவத்தி விளக்குகள் கூட்டம் கூட்டமாக முளைத்து மேலே வருகின்றன. அந்தத் தியேட்டர் 1897-ல் கட்டியது. அந்தக் காலத்து மர இயந்திரங்கள் மேடைக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. காட்சி அமைத்த மரியா பியார்ன்சன் என்ற பெண்மணி அவற்றையே இந்தக் காட்சிக்குப் பயன்படுத்திக்கொண்டாராம். விளம்பரத்தில் சரவிளக்குக்கு இருக்கும் இடம் இந்த மெழுகுவத்திகளுக்குக் கிடையாது. ஒருவேளை அதனால்தான் அது நன்றாக இருந்ததோ என்னவோ. எதிர்பார்த்துப் போனது சுமாராகவும், எதிர்பாராதது அருமையாகவும் அமைவது கல்யாணச் சாப்பாட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் உள்ள வழக்கம்தானே.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். வார்த்தைகள் எனக்குப் பாதிதான் புரிந்தன. மேல் ஸ்தாயியில் பாடும் ஆங்கிலம், எல்லோரும் சேர்ந்து பாடினால் வெள்ளைக்காரர்களுக்கே புரியாது என்று மகன் ஆறுதல் சொன்னான். மேடைக்கு முன் பள்ளத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து நேரடியாக வாசிக்கிறார்கள். அது பெரிய சுகம். ஆனால் மெட்டுகள் கொஞ்சம்தான். நான்கைந்து மெட்டுகளையே திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். கிட்டப்பா காலத்தில் ஒரே பாட்டை மறுபடி பாடினால் அது ரசிகர்கள் 'ஒன்ஸ் மோர்' கேட்டதால். இங்கே யாரும் கேட்காமலே வருகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அரங்கத்தின் கூரை மேல் நின்று கிறிஸ்டீனும் ராவுலும் சந்தோஷமாகப் பாடும் மெட்டையே, ஒளிந்து கேட்டிருந்த முகமூடிக்காரன் உடனே அழுதுகொண்டு பாடுகிறான். நாடகத்தின் கடைசியிலும் அதே மெட்டு வருகிறது. அடுத்தவர் வீட்டு நாதஸ்வரத்தைத் தனி அறையில் உட்கார்ந்து கேட்பவனுக்கு அதே சங்கீதம் எப்படி இருக்கும்? அது அங்கே சரியாகக் கேட்டது.

இதற்கு மேல் எழுதுவது நாடகத்தைப் பற்றி மட்டுமில்லை.

என் தகப்பனாருக்கு இரண்டு தங்கைகள். பெரிய அத்தைக்கு ஆறு வயதில் பெரியம்மை போட்டது. உயிர் தப்பியது, முகம் தப்பவில்லை. முகம் முழுக்கக் குழி, இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிற்று. எங்கள் வயதுக்காரர்களுக்கு அப்படிப்பட்ட முகங்கள் புதிதில்லை. தெருவுக்கு இரண்டு மூன்று வீட்டில் இருக்கும். இன்றைய குழந்தைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள், நல்லதுதான். 1975-க்குப் பிறகு அந்த வியாதியே நம் நாட்டில் இல்லாமல் போயிற்று.

அத்தைக்கு அபாரமான குரல். வீட்டுக்கு வந்த பாட்டு வாத்தியார் சின்ன அத்தைக்குத்தான் சொல்லிக்கொடுக்க வந்தார். பெரியவள் சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் போன பிறகு தங்கைக்குத் தப்பைத் திருத்தினதும் அவள்தான். சின்ன அத்தையைப் பெண் பார்க்க வந்தபோது எனக்கு ஏழு எட்டு வயது. அன்று பெரிய அத்தை கூடத்துக்கு வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளாகவே காலையிலிருந்து அடுப்படியில் இருந்துகொண்டாள். சின்ன அத்தை பாடத் தொடங்கி, பயத்தில் சரணத்தில் நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து அடுத்த அடி மெல்லிசாக வந்தது. தங்கை பிடித்துக்கொண்டு பாடி முடித்தாள். வந்திருந்த அம்மாள், "உள்ளே பாடினது யாரு?" என்று கேட்டார். என் பாட்டி, "ரேடியோ" என்றாள்.

எங்கள் வீட்டில் அப்போது ரேடியோவே கிடையாது.

இந்த அத்தையை மனசில் வைத்துக்கொண்டு அந்த நாடகத்தைப் பார்த்தால் பல இடங்களில் ஒட்டவில்லை. முகமூடியைக் கழற்றியதும் கிறிஸ்டீன் பதறிப் போகிறாள். நாங்கள் உட்கார்ந்திருந்த மாடியிலிருந்து அந்த முகம் சரியாகத் தெரியவே இல்லை. தெரிந்தவரை, அது ஒரு முகம், அவ்வளவுதான். அத்தையிடம் தெருக் குழந்தைகள் பத்துப் பேர் பாட்டுப் படித்தார்கள். ஒரு குழந்தையும் அலறவில்லை. முதல் நாள் உற்றுப் பார்க்கும், இரண்டாம் நாள் மடியில் ஏறிவிடும். பார்த்துத் திரும்பிப் போனவர்கள் பெரியவர்கள்தான். நாடகத்திலும் ஓரிடத்தில் உண்மை வெளிவருகிறது. அந்த மனிதனைச் சின்ன வயதில் கூண்டில் அடைத்துச் சந்தையில் காட்சிப் பொருளாக வைத்திருந்தார்கள் என்று ஒரு கிழவி சொல்கிறாள். ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் கதை என்று பட்டது.

இன்னொன்று. அவன் இரண்டு பேரைக் கழுத்தில் சுருக்குப் போட்டுக் கொல்கிறான். அந்தச் சுருக்கின் பெயர் 'பஞ்சாப் லாஸோ'. நம் நாட்டுப் பெயரை அவர்கள் மேடையில் கேட்டது அந்த ஓர் இடத்தில்தான்! கொலைகாரனுக்காக நம்மை அழச் சொல்கிறார்கள். நான் இதை இடைவேளையில் சொன்னபோது என் மனைவி ஐஸ்கிரீம் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பதில் சொன்னாள். "அவன் ஆம்பிளை. ஒதுக்கி வெச்சா ஊரையே மிரட்டறான், தனியா ஏரி, படகு எல்லாம் வெச்சுக்கறான். உங்க அத்தைக்கு அடுப்படிதானே கெடைச்சுது." நாற்பது வருடத்தில் அவள் என் அத்தையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அத்தையிடம்தான் சமையல் கற்றுக்கொண்டாள்.

ஆகவே கடைசிக் காட்சி வந்தபோது நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. ராவுல் கழுத்தில் சுருக்கு. "என்னோடு இருக்கிறாயா, இவன் சாகட்டுமா?" என்று கேட்கிறான் முகமூடிக்காரன். கிறிஸ்டீன் நேராக அவனிடம் போய், அந்த முகத்தில் முத்தமிடுகிறாள். அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை. பிறந்ததிலிருந்து யாரும் தொடாத உடம்பு எப்படி நிற்கும் என்பதை அந்த நடிகர் நின்று காட்டினார். பிறகு அவனாகவே இருவரையும் போகச் சொல்லிவிடுகிறான். அவள் போய்விட்டு, மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க ஒரு முறை திரும்பி வருகிறாள். அவ்வளவுதான்.

அந்த ஐந்து நிமிடத்தில் எந்தத் தந்திரமும் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜனம், ஒரு இருமல் சத்தம் கேட்கவில்லை. பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் இதே மேடையில் நடந்த காட்சி. முந்தின நாளும் நடந்தது, மறுநாளும் நடக்கும். அன்றைக்கு அந்த இருவரும் அதை அன்றுதான் நடப்பது போலச் செய்தார்கள். என் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். மகன் இதைக் கவனித்தானா தெரியாது.

பிக்காடிலி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது அவன் கேட்டான். "சொல்லுங்கப்பா, சொன்ன அளவுக்கு இருந்துதா?" பிரமாதம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். "சரவிளக்கு சுமார். பாட்டு பரவாயில்லை. கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு நீ கொடுத்த காசு சரியாப் போச்சு" என்றேன். அவன் சிரித்தான். பிறகு அத்தையைப் பற்றிக் கேட்டான். அவன் பிறந்தபோது அத்தை உயிரோடுதான் இருந்தாள், அவனைத் தூக்கிப் பாடியிருக்கிறாள். ரேடியோ கதையை அவனிடம் அன்றுதான் முதல் முறையாகச் சொன்னேன். வீடு வந்து சேரும் வரை அவன் எதுவும் பேசவில்லை.

இப்போது விளம்பரத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. எதை எண்ணிச் சொல்ல முடியுமோ அதைத்தான் விளம்பரம் செய்ய முடியும். எத்தனை விருது, எத்தனை வருடம், எவ்வளவு பெரிய விளக்கு. ஒருவர் சும்மா நிற்பதை எப்படி விளம்பரம் செய்வது? அதனால் நாம் தப்பான இடத்தில் காத்திருக்கிறோம், அங்கே ஏமாந்தவுடன் எழுந்துவிடுகிறோம். எங்கள் வரிசையிலேயே ஒரு குடும்பம் இடைவேளையோடு போய்விட்டது. சரவிளக்கு பார்த்தாயிற்று அல்லவா!

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இப்போதும் அதே தியேட்டரில்தான் நடக்கிறது. ராணி காலமான பிறகு 2023-ல் பெயர் மட்டும் ஹிஸ் மெஜஸ்டீஸ் என்று மாறியிருக்கிறது. கொரோனாவில் மூடி 2021 ஜூலையில் திறந்தபோது வாத்தியக்காரர்களை 27-லிருந்து 14 ஆகக் குறைத்துவிட்டார்கள், ஆகவே நான் கேட்ட ஒலி உங்களுக்குக் கிடைக்காது. நியூயார்க்கில் 13,981 காட்சிகளுக்குப் பிறகு 2023 ஏப்ரல் 16-ல் நிறுத்திவிட்டார்கள். கதையை முன்கூட்டியே படித்துக்கொண்டு போங்கள். தரைத்தளத்தில் பின் வரிசை வேண்டாம், மாடி மறைத்து விளக்கு தெரியாது. மாடியில் முன்வரிசை நல்லது, ஆனால் படிகள் ஏராளம், முழங்கால்வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கோட்டு சூட்டு தேவையில்லை, அங்கே பாதிப் பேர் ஜீன்ஸில்தான் வருகிறார்கள். ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

இடைவேளையில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.